ஆட்டிசமும் போதையும்: எங்கே, எப்படிச் சந்திக்கின்றன?

டெல்டா மாவட்டங்களில் ஆட்டிசம் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று கருத்துகள் காதில் விழும். "அந்தப் பிள்ளைக்குச் சூதுவாது தெரியாது, குடி கிடியெல்லாம் அதுக்கு எங்கே வரப்போகுது" என்பது ஒன்று. "அப்பன் குடிச்சான், பிள்ளை இப்படிப் பொறந்துடுச்சு" என்பது இன்னொன்று. "எந்நேரமும் செல்லைக் கொடுத்தா ஆட்டிசம் வராம என்ன செய்யும்" என்பது மூன்றாவது. மூன்றுமே தவறு. ஆனால் முதலாவதுதான் அதிக ஆபத்து என்று நினைக்கிறேன். அதை நம்புகிற குடும்பம், வீட்டில் ஒருவர் போதைக்குள் இறங்கிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமலே விட்டுவிடும். சில நேரம் மருத்துவரும் அதைக் கேட்காமல் விட்டுவிடுவார்.

இந்த விஷயத்தை முதன்முறையாகப் படிப்பவர்களுக்காக, அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

ஆட்டிசம் என்றால் என்ன?

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்திலேயே இருக்கும் ஒரு வேறுபாடு. பாதியில் வந்து ஒட்டிக்கொள்ளும் நோய் கிடையாது, வயதானால் போய்விடுவதும் கிடையாது. மற்றவரோடு பழகுவதில் சிரமம், குறிப்பால் சொல்வதைப் பிடித்துக்கொள்வதில் சிரமம் ஒரு பக்கம். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, ஒரு விஷயத்தில் ஆழமாக ஊறிப்போவது, அன்றாட ஒழுங்கு குலைந்தால் பதறிப்போவது இன்னொரு பக்கம். ஓசை, வெளிச்சம், வாசனை, தொடுதல் ஆகியவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வதும் இதில் சேர்த்தி. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டில்தான் இந்தப் புலனுணர்வு வேறுபாடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக இடம்பெற்றது.

அளவு ஆளுக்கு ஆள் மாறும். பேச்சே வராதவரும் உண்டு, பி.காம். முடித்துவிட்டு அரிசி மில்லில் கணக்கு எழுதுபவரும் உண்டு. உலக அளவில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கணக்கு சொல்கிறது. நம் ஊரில் குழந்தைகளுக்கான வளர்ச்சிப் பரிசோதனையும், வளர்ச்சிக் குறைபாடுகளுக்குச் சீக்கிரமே உதவும் மாவட்ட இடையீட்டு மையங்களும் 2013-க்குப் பிறகு வந்தவை. இன்று நாற்பது வயதில் இருப்பவர் பள்ளியில் படித்த காலத்தில் அப்படி எதுவும் கிடையாது. அவருக்குக் கிடைத்ததெல்லாம் "ஒரு மாதிரியான ஆளு", "யார்கூடவும் ஒட்ட மாட்டான்", "உம்மணாமூஞ்சி" போன்ற பட்டங்கள்தான். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவர்களைப் பற்றியது. போதைப் பிரச்சினையோடு மருத்துவமனைக்கு வரும்போதும் அவர்களுடைய ஆட்டிசத்துக்கு யாரும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள்.

மதகும் லஸ்கரும்

ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்தில் மதகு இருக்கும். வயலுக்கு எவ்வளவு தேவையோ அந்த அளவுக்கு, மதகைக் கவனிக்கும் ஊழியரான லஸ்கர் கதவை ஏற்றி இறக்குவார். நம் மூளையும் இதைத்தான் செய்கிறது. ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். நாதஸ்வரம், தவில், நாற்காலி இழுபடும் சத்தம், மின்விசிறியின் இரைச்சல், பந்தியில் "சாம்பார், சாம்பார்" என்ற குரல், குழந்தைகளின் ஓட்டம், பட்டுப் புடவையின் உரசல், மல்லிகைப்பூவும் நெய்யும் கலந்த வாசனை. பெரும்பாலானோரின் மூளை கதவைப் பாதி இறக்கிவிட்டு, எதிரே பேசுபவரின் குரலை மட்டும் உள்ளே விடும். ஆட்டிசம் உள்ள பலருக்குக் கதவு மேலேயே சிக்கிக்கொள்கிறது. எல்லாம் ஒரே வேகத்தில் உள்ளே வரும். எது முக்கியம், எது தேவையில்லை என்று பிரிப்பதற்குள் வயல் மூழ்கிவிடும்.

டெல்டாவில் இது சாதாரணச் சுமை கிடையாது. ஆடி மாதம் வந்தால் தெருவுக்குத் தெரு கூம்பு ஒலிபெருக்கி. திருவிழா என்றால் வாணவேடிக்கை, அதிர்வேட்டு. கும்பகோணம் பேருந்து நிலையத்தில் ஏர் ஹாரன்.

சரி, இப்போது இந்த ஆளுக்கு யாரோ ஒரு கிளாஸ் பிராந்தி கொடுக்கிறார்கள். அரை மணி நேரத்தில், வாழ்க்கையில் முதல்முறையாகக் கதவு இறங்குகிறது. சத்தம் தூரமாகப் போகிறது. எதிரே இருப்பவரின் முகம் பயமுறுத்தவில்லை. மற்றவர்கள் ஜாலிக்காகக் குடித்தது இவருக்கு நிம்மதியாகத் தெரிகிறது. மறுநாளும் அந்த நிம்மதி வேண்டும்.

ஆனால் லஸ்கர் சும்மா இருக்க மாட்டார். தினமும் யாரோ வந்து கதவை இறக்கிவிட்டுப் போகிறார்கள், கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை என்று பார்த்துவிட்டு, அதை ஈடுகட்ட ஆற்றிலிருந்தே கூடுதலாகத் திறந்துவிடுவார். பிறகு ஒரு நாள் கதவை இறக்குகிற ஆள் வராவிட்டால்? முன்பு வந்ததைவிடப் பெரிய வெள்ளம் வரும்.

மூளையில் உண்மையில் நடப்பது

ஒப்புமை இதோடு போதும். நரம்பு செல்கள் ஒன்றோடொன்று வேதிப்பொருள்கள் வழியாகப் பேசுகின்றன. அவற்றில் காபா என்பது செல்களை அடக்கி அமைதிப்படுத்துவது, குளூட்டமேட் என்பது தூண்டிவிடுவது. மது காபாவின் வேலையைக் கூட்டி, குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. அதனால்தான் பதற்றம் தணிகிறது, சத்தம் மங்குகிறது, நாக்கு குழறுகிறது.

இது மாதக்கணக்கில் தொடர்ந்தால் மூளை தன்னைத் திருத்திக்கொள்கிறது. காபாவுக்குக் காது கொடுப்பதைக் குறைத்து, குளூட்டமேட்டுக்குக் காது கொடுப்பதைக் கூட்டுகிறது. முன்பு ஒரு கிளாஸில் கிடைத்த அமைதிக்கு இப்போது ஒரு குவாட்டர் தேவைப்படும். இதைத் தாங்குதிறன் கூடுதல் என்பார்கள். குடி நிற்கும்போது, கூட்டிவைத்த தூண்டுதல் மட்டும் மிச்சம் இருக்கும். கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது, நெஞ்சு படபடக்கும். இவைதான் விலகல் அறிகுறிகள்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். விலகல் அறிகுறிகளின் தீவிரத்தை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பட்டியலில், சத்தம் கூர்மையாகக் கேட்கிறதா, வெளிச்சம் கண்ணை உறுத்துகிறதா, தோலில் ஊர்வது போல இருக்கிறதா என்ற கேள்விகளும் உண்டு. அதாவது, எந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்க ஒருவர் குடிக்கத் தொடங்கினாரோ, அதே தொல்லையைக் குடி நிற்கும் நேரம் பல மடங்காக்கித் திருப்பிக் கொடுக்கிறது. அவர் காலையிலேயே நடுங்கும் கையோடு கடை திறக்கக் காத்திருப்பதை வெளியில் இருந்து பார்ப்பவர் திமிர் என்று நினைக்கிறார்.

டோபமைன் என்ற பெயரையும் கேட்டிருப்பீர்கள். பலரும் அதை இன்பத்தின் வேதிப்பொருள் என்று சொல்கிறார்கள். அதைவிடச் சரியாகச் சொன்னால், "இது முக்கியம், இதை மறக்காதே, மறுபடி செய்" என்று மூளைக்குக் குறித்துக் கொடுப்பது அது. மது, பீடி சிகரெட்டில் உள்ள நிகோடின், கஞ்சா எல்லாமே வெவ்வேறு வழியில் டோபமைனைக் கூட்டுகின்றன. வேண்டாம் என்று மனம் நினைத்தாலும் கை அதைத் தேடிப் போகிறது, கெடுதல் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை என்றால், அந்த நிலைக்குப் பெயர் போதைச் சார்பு.

இதுவரை பார்த்தது: ஆட்டிசம் உள்ள பலருக்குப் புலன்கள் வழியாக வருவது அதிகம். மது அதைத் தற்காலிகமாக மட்டுப்படுத்துகிறது. மூளை அதற்கு எதிராகத் திருத்திக்கொள்வதால், நிறுத்தும்போது பழைய தொல்லை பல மடங்காகத் திரும்புகிறது.

எதற்காகக் குடிக்கிறார்?

இந்தக் கேள்வியைக் கேட்டால்தான் மீதி புரியும். கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். குமார், வயது 32, நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு நெல் வியாபாரியிடம் கணக்குப் பார்க்கிறார். மூட்டைக் கணக்கு, ஈரப்பதம், லாரி எண் எல்லாம் மனப்பாடம். ஆனால் அறுவடைக் காலத்தில் நாளுக்கு ஐம்பது பேர் வந்து ஒரே நேரத்தில் பேசுவார்கள். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், கேலிக்குச் சிரிக்க வேண்டும், யாராவது தோளில் கை போட்டால் விலகாமல் இருக்க வேண்டும். ஆட்டிசம் உள்ளவர் தன் இயல்பை இப்படி மறைத்து, மற்றவர் போல நடிப்பதற்கு முகமூடி போடுதல் என்று பெயர். பகல் முழுக்க அதைப் போட்டுக்கொண்டிருந்தவர் சாயங்காலம் ஓய்ந்துபோய் உட்காருவார். கடைக்குப் போகிற கூட்டாளிகளோடு போனால் முகமூடி போடுவது கொஞ்சம் சுலபமாகிறது. குடித்தவர் கொஞ்சம் விசித்திரமாக நடந்தாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லையே. அந்தக் கூட்டத்தில் முதல்முறையாக அவர் "நம்ம ஆளு" ஆகிறார். அந்த இடத்தை யார்தான் விட்டுக்கொடுப்பார்?

அப்புறம், தன் உள்ளே நடப்பதைப் படிக்கத் தெரியாத சிக்கல். வயிறு பிசைகிறது, தலை கனக்கிறது, ஆனால் அது கோபமா, பயமா, பசியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதை அலெக்ஸிதைமியா என்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இது இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. "மனசு சரியில்லை" என்று சொல்லக்கூட வராதவர், அந்தப் பெயர் தெரியாத வேதனையைக் குடியில் கரைக்கிறார். தூக்கமின்மையும் ஆட்டிசத்தில் மிகச் சாதாரணம். தூங்குவதற்காகக் குடிப்பவர்கள் நிறையப் பேர். மது சீக்கிரம் தூங்கவைத்துவிட்டு, நடு இரவில் எழுப்பிவிடும் என்பது வேறு விஷயம்.

இன்னொன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒழுங்கு. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறக்கிறது, இரவு 10 மணிக்கு மூடுகிறது. கம்பிக்குப் பின்னால் ஒரு கை, தினமும் அதே இரண்டு வார்த்தை, அதே பாட்டில். நலம் விசாரிப்பு இல்லை, எதிர்பாராதது எதுவும் இல்லை. மாறாத ஒழுங்கை நேசிக்கும் மனதுக்கு இதைவிட வசதியான சடங்கு கிடையாது. சாயங்காலம் ஏழரை மணிக்குக் குடிப்பது என்று ஒரு முறை அமைந்துவிட்டால், போதையைவிட அந்த ஏழரை மணியைக் கைவிடுவது கடினமாக இருக்கும். நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் இருப்பவர்களுக்குக் காரைக்கால் வேறு கூப்பிடு தூரம். புதுச்சேரி ஆட்சியில் இருப்பதால் அங்கே விலை குறைவு, சாராயக் கடையும் சட்டப்படியே உண்டு.

குறைவா, அதிகமா?

இந்த இடத்தில்தான் படித்தவர்களும் குழம்புகிறார்கள். இரண்டு ஆய்வுகள் எதிரெதிராகப் பேசுவது போலத் தோன்றும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்டது முதலாவது. 16 முதல் 90 வயது வரை 2,386 பேரிடம் இணையம் வழியாகக் கேட்டார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் ஆட்டிசம் உள்ளவர்கள். வாரத்தில் மூன்று நாளோ அதற்கு மேலோ குடிப்பதாகச் சொன்னவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களில் 16 சதவீதம், மற்றவர்களில் 22 சதவீதம். ஒரே அமர்வில் அளவுக்கு மீறிக் குடிப்பதாகச் சொன்னவர்கள் 4 சதவீதம், மற்றவர்களில் 8 சதவீதம். ஆக, ஆட்டிசம் உள்ளவர்கள் குறைவாகவே குடிக்கிறார்கள்.

ஸ்வீடனில் 2017-இல் வெளியான ஆய்வு இரண்டாவது. ஆட்டிசம் கண்டறியப்பட்ட சுமார் 27,000 பேரின் அரசுப் பதிவுகளைப் பார்த்தார்கள். போதைச் சார்பு நோய், மதுவால் வந்த உடல் நோய், போதைக் குற்றத் தண்டனை, போதையால் மரணம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கெடுத்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்கு. அறிவுத்திறன் குறைபாடோ, ஏ.டி.எச்.டி. எனப்படும், கவனச் சிதறலும் அவசரத் துடிப்பும் சேர்ந்த வேறுபாடோ இல்லாதவர்களிலும் இதே இரண்டு மடங்கு. ஆட்டிசத்தோடு ஏ.டி.எச்.டி.யும் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் மிக அதிகம்.

இரண்டும் உண்மைதான். முதல் ஆய்வு கேட்டது, எத்தனை பேர் வாசலுக்குள் போகிறார்கள் என்பதை. இரண்டாவது ஆய்வு கேட்டது, எத்தனை பேர் திரும்பி வர முடியாமல் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் போனார்கள் என்பதை. கூட்டம் பிடிக்காதவர், ருசியும் வாசனையும் ஒத்துக்கொள்ளாதவர், "குடிக்கக் கூடாது" என்ற விதியை அப்படியே கடைப்பிடிப்பவர் ஆட்டிசம் உள்ளவர்களில் நிறைய உண்டு. அவர்கள் வாசலையே மிதிப்பதில்லை. மிதிப்பவர்கள் ஏன் மிதிக்கிறார்கள் என்பதற்குக் கேம்பிரிட்ஜ் ஆய்விலேயே பதில் இருக்கிறது. தங்கள் நடத்தையைச் சமாளிக்கக் கஞ்சா போன்ற போதைப் பொருள்களைப் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள், மற்றவர்களைவிட ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய ஒன்பது மடங்கு அதிகம். மருந்தாக நினைத்து எடுப்பவர், நோய் தீரும்வரை எடுப்பார். ஆட்டிசம் தீருகிற நோய் கிடையாது.

இந்த எண்களை அப்படியே தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ பொருத்தக் கூடாது. இந்தியாவில் 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி ஆண்களில் 27.3 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள், பெண்களில் 1.6 சதவீதம் பேர். இங்கிலாந்திலும் ஸ்வீடனிலும் குடிக்கும் முறையே வேறு. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தத் திசையை: தொடுபவர் குறைவு, தொட்டவருக்குப் பள்ளம் ஆழம்.

போதை என்று தவறாக நினைக்கப்படுபவை

கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, ரயில் நேர அட்டவணையை மணிக்கணக்கில் பார்ப்பது ஆகியவை போதைச் சார்பு கிடையாது. இவை மனதைச் சீராக்குகின்றன, உடலைக் கெடுப்பதில்லை. இவற்றை அடித்துத் திருத்துகிற வீடுகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளப் பிள்ளைக்கு இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டால், அவன் வேறு வழி தேடுவான். பள்ளி வாசலுக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் கள்ளத்தனமாகக் கிடைக்கும் ஹான்ஸ், கூல் லிப் போன்ற வாயில் அடக்கும் புகையிலை அந்த வேறு வழியாக இருக்கலாம். செல்போன் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. செல்போனில் மூழ்குவதைக் கட்டுப்படுத்த வேண்டியது தனிப் பிரச்சினை.

அப்பா குடித்ததாலா?

டென்மார்க், பின்லாந்து, ஸ்வீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் 20 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதற்கும் இன்னொருவருக்கு இல்லாததற்கும் காரணமான வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபணு சார்ந்தது என்பது அதன் முடிவு. மேலே சொன்ன ஸ்வீடன் ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களின் பெற்றோர், உடன்பிறந்தவர்களிடமும் போதைப் பிரச்சினை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. குடும்பத்துக்குள் ஓடும் பொதுவான மரபுக் கூறுகள் இரண்டுக்கும் பின்னால் இருக்கலாம் என்பதற்கான குறிப்பு அது. அப்பாவின் குடியை ஆட்டிசத்துக்குக் காரணமாக்க அதில் இடமில்லை. கர்ப்ப காலத்தில் தாய் மது குடித்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுவது உண்மை, ஆனால் அது வேறொரு நிலை, அதற்கு வேறு அடையாளங்கள்.

சிகிச்சையில் கவனிக்க வேண்டியவை

முதலில் ஓர் எச்சரிக்கை. நம் பக்கத்தில் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு அன்றோடு குடியை நிறுத்துபவர்கள் உண்டு. கொடுத்த வாக்கை மீறாத இயல்பு ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு இருப்பதால், விரதம் அவர்களுக்குப் பிடித்தும் போகலாம். ஆனால் வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் குழப்பம், பிதற்றல், காய்ச்சலோடு உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். கயிறு கட்டுவது கட்டட்டும், அதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கட்டட்டும்.

இரண்டாவது, தெரியாமல் சோற்றில் மருந்து கலப்பது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரை, மது உடைந்து உருவாகும் நச்சை உடம்பிலேயே தேங்கவைக்கும். அதோடு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். உயிர் போகவும் வாய்ப்பு உண்டு. எந்த மனிதருக்கும் இதைத் தெரியாமல் கொடுக்கக் கூடாது. ஆட்டிசம் உள்ளவருக்கு இன்னொரு சேதமும் உண்டு. பல பேர் சில உணவுகளை மட்டுமே நம்பிச் சாப்பிடுபவர்கள். அம்மா போட்ட சோற்றிலேயே ஏதோ இருக்கிறது என்று ஒரு முறை தெரிந்துவிட்டால், வீட்டில் சாப்பிடுவதையே நிறுத்திவிடுவார்கள்.

மூன்றாவது, மறுவாழ்வு மையம். ஒரே கூடத்தில் இருபது பேர், எந்நேரமும் எரியும் டியூப்லைட், அலறும் டிவி, தினமும் வட்டமாக உட்கார்ந்து மனம் திறந்து பேச வேண்டிய கூட்டம். மற்றவருக்கு இது பலன் தரலாம். ஆட்டிசம் உள்ளவர் இங்கே பேசாமல் இருந்தால் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிடுவார்கள். அவருக்குத் தேவை தனியாக ஒரே ஆலோசகர், முன்கூட்டியே எழுதிக் கொடுத்த நேர அட்டவணை, உவமை இல்லாத நேரடிப் பேச்சு, அமைதியான மூலை. "கட்டுப்பாடா இருங்க" என்பதை விட "இரவு 8 மணிக்கு இந்த மாத்திரை, 9 மணிக்குப் படுக்கை" என்பது அவருக்குப் புரியும். ஏழரை மணிச் சடங்கை வெறுமனே பிடுங்கினால் அந்த இடம் காலியாக நிற்கும். அதே நேரத்தில், அதே அளவு நிச்சயத்தோடு, வேறொன்று அங்கே வர வேண்டும்: ஆற்றங்கரையில் நடை, குளியல், பழைய பாட்டு, எதுவானாலும் அவர் தேர்ந்தெடுத்தது. திருவிழா நாளில் காதடைப்பான் கொடுப்பதும், அறுவடைக் காலத்தில் கணக்குப் பார்ப்பவருக்கு ஒதுக்குப்புறமாக ஓர் அறை கொடுப்பதும் போதைச் சிகிச்சையின் பகுதிதான். கதவைச் சொல்லாமல் கொள்ளாமல் உடைத்து, கையைக் காலைக் கட்டி வண்டியில் தூக்கிப்போகும் மையங்களை நாடவே வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் மையம் பதிவு செய்திருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம். புறநோயாளிப் பிரிவில் வரிசை நீளம், மருத்துவருக்கு நேரம் குறைவு. ஆகவே வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த வயதில் பேசத் தொடங்கினார், பள்ளியில் நண்பர்கள் இருந்தார்களா, எந்தச் சத்தம் தாங்க மாட்டார், எதை மாற்றினால் பதறுவார், தினமும் எத்தனை மணிக்கு எவ்வளவு குடிக்கிறார், குடித்ததும் எது குறைகிறது என்று அவரே சொல்கிறார். கடைசிக் கேள்விக்கான பதிலை முடிந்தால் அவர் கையாலேயே எழுத வையுங்கள். எதிரே உட்கார்ந்து வாய் திறக்காதவர்களில் பலர் வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்.